ஒரு கிண்ணமும் சில பெயர்களும்

1

கியோட்டோ நகரில் தைதொகுஜி என்ற ஜென் மடாலயத்தைச் சேர்ந்த சிற்றாலயம் கொஹோ-அன். அங்கே ஒரு கிண்ணத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். வாயின் குறுக்களவு சுமார் 15 சென்டிமீட்டர், உயரம் அதில் பாதிக்குச் சற்று மேல். பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். மேலே பூசிய கண்ணாடிப் பூச்சு முழுக்க நூலிழை போன்ற விரிசல்கள். அடிவளையத்தைச் சுற்றிப் பூச்சு சூளையில் சரியாகப் பரவாமல் சுருங்கி, மணி மணியாகத் திரண்டு உறைந்திருக்கிறது. சக்கரத்தில் சுழலும்போது குயவனின் விரல் போன தடம் பக்கவாட்டில் அப்படியே நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் செய்யப்பட்ட இது இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று.

கிண்ணத்துக்குப் பெயர் உண்டு: கிஸாயெமோன். செய்தவனுடைய பெயர் அல்ல. ஒஸாகாவில் இதை வைத்திருந்த தகேதா கிஸாயெமோன் என்ற வியாபாரியின் பெயர். அவன் நொடித்துப்போய், எல்லாவற்றையும் இழந்த பிறகும் இதை மட்டும் ஒரு பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான் என்றும், கடைசியில் உடம்பெல்லாம் கட்டி கண்டு செத்தான் என்றும் ஒரு கதை. பிறகு ஹோன்தா தாதாயோஷி என்ற பிரபுவிடமும், ஸகாய் துறைமுகத்து வியாபாரி ஒருவரிடமும், இன்னும் சிலரிடமும் கைமாறியது. 1775இல் மாட்ஸுதைரா ஃபுமாய் என்ற பிரபு 550 ரியோ தங்கம் கொடுத்து வாங்கினார். அவருக்கும் கட்டி வந்தது. மனைவி இதைத் தொலைத்துத் தலைமுழுகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மகனுக்கும் கட்டி வந்த பிறகுதான் குடும்பம் கிண்ணத்தை ஆலயத்துக்குக் கொடுத்தது.

வாங்கியவன் பெயர், விற்றவன் பெயர், கொடுத்த விலை, அவரவருக்கு வந்த வியாதி வரை பதிவாகியிருக்கிறது. சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தவன் பெயர் மட்டும் இல்லை.

1931இல் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க யனாகி ஸோயெட்ஸு (1889-1961) போனார். கூடவே கவாய் கான்ஜிரோ என்ற குயவர். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. யனாகி பிறகு எழுதிய கட்டுரை கலை விமர்சனத்தில் இன்றும் பேசப்படுவது. அதன் சாரம் இது: கிண்ணம் நல்ல கிண்ணம்தான், ஆனால் எவ்வளவு சாதாரணமானது! ஏழைகள் சோறு தின்ன, ஒரு ஏழை, மலிவாக, யோசிக்காமல், நூற்றுக்கணக்கில் செய்து தள்ளியவற்றில் ஒன்று. அழகாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. ஆகவேதான் அது அழகு.

இந்த ‘ஆகவேதான்’ பற்றியே இக்கட்டுரை.

2

யனாகி குயவர் இல்லை. அவர் நம் ஜாதி, சிறுபத்திரிகைக்காரர். 1910இல் தோக்கியோவில் மேட்டுக்குடிப் பள்ளி ஒன்றில் படித்த இளைஞர்கள் சேர்ந்து ‘ஷிராகபா’ (வெண்பூர்ச்சமரம்) என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 1923 வரை வந்தது. செஸான், வான்கோ, ரோதான் என்று ஐரோப்பியக் கலையை ஜப்பானிய வாசகனுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. யனாகி அதில் எழுதினார். 1914இல் வில்லியம் ப்ளேக் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போட்டார். தனிமனித மேதைமையை வழிபட்ட கோஷ்டி அது. பெயரின்மையின் சித்தாந்தம் அங்கிருந்துதான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரோதானுக்கு இவர்கள் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களை அனுப்பிவைத்தார்கள். அவர் பதிலுக்கு மூன்று சிறு வெண்கலச் சிற்பங்களை அனுப்பினார். அவற்றைப் பார்க்க 1914இல் யனாகி வீட்டுக்கு ஒருவர் வந்தார். ஸியோலில் பள்ளி ஆசிரியராக இருந்த அஸகாவா நோரிதகா. வெறுங்கையோடு வரக் கூடாதென்று கொரியப் பீங்கான் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளை உடம்பு, அதில் நீலத்தில் சில புற்கள். ரோதானைப் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1916இல் யனாகி முதன்முறையாகக் கொரியா போனார்.

1925இல் அவரும் கவாயும் ஹமாதா ஷோஜி என்ற இன்னொரு குயவரும் சேர்ந்து ‘மிங்கெய்’ என்ற சொல்லை உண்டாக்கினார்கள். ‘மின்’ என்றால் மக்கள், ‘கெய்’ என்றால் கலை. சோற்றுக் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தட்டு, தேநீர்க் கெண்டி. அதுவரை கலை என்று யாரும் திரும்பிப் பார்க்காதவை. 1936இல் ஒஹாரா மகொஸாபுரோ என்ற ஆலை அதிபரின் பணத்தில் தோக்கியோவில் இவற்றுக்கென்று ஒரு மியூசியமே எழுந்தது.

இயந்திரத்துக்கு எதிராகக் கைத்தொழில் என்ற வாதம் ரஸ்கின், மாரிஸிடமிருந்து தொடங்குவது. கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமியும் அதே ஊற்றில் நீர் குடித்தவர். 1908இல் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை மாரிஸ் உபயோகித்த அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார். யனாகி வேறுபடுவது அவர் தேடிய ஆதாரத்தில். 13ஆம் நூற்றாண்டு ஷின்ரானின் பௌத்தத்தில் மோட்சத்துக்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன: தன் பலத்தால் அடைவது, பிற பலத்தால் அடைவது. நமக்குப் பழகிய பாஷையில் சொன்னால் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி கலைஞன். தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி கைவினைஞன். மண், மரபு, பழக்கம், ஓயாத மறுசெய்கை ஆகியவையே அவனைக் கவ்விச் செல்லும் தாய். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, குறுக்கே நிற்காமலிருந்தால் போதும்.

என்னை இது ரொம்ப நாள் ஆட்கொண்டிருந்தது. காரணம், பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இதன் இன்னொரு வடிவம் முன்பே பரிச்சயம். 1919இல் லண்டனில் ஒரு வங்கி குமாஸ்தா, கவிதை ஆளுமையின் வெளிப்பாடு அல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்த சிறுபத்திரிகையின் பெயர் ‘ஈகோயிஸ்ட்’. எலியட்டும் குமாஸ்தா என்பதில் எனக்கு இருந்த அல்ப சந்தோஷத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் மத்தியில், கவிதைகளைக் கவிஞர் பெயரே இல்லாமல் அச்சிட வேண்டும் என்று நான் மூர்க்கமாக வாதாடினேன். யனாகியைத்தான் துணைக்கு அழைத்தேன். ஒரு நண்பர் கேட்டார்: “பெயரை எடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்? நீ பேங்கில்தானே இருக்கிறாய், கணக்குப் பார்த்தாயா?” அப்போது நான் சிரித்தேன். கணக்குப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

3

கணக்கு 1591இல் தொடங்குகிறது. தேநீர்ச் சடங்கை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஸென் நோ ரிக்யூ. பகட்டான சீனப் பாத்திரங்களை ஒதுக்கி எளிமையான, கரடுமுரடான பாத்திரங்களில் நிறைவைக் காணும் ரசனைக்கு அவர் பெயர்தான் முத்திரை. கொரியக் கிண்ணங்கள் தேநீர் அறைக்குள் மரியாதை பெற்றது இந்த ரசனையால்தான். 1591இல் அவர் எஜமானன் ஹிதெயோஷியின் உத்தரவுப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். அடுத்த வருஷம் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவில் இறங்கின. 1592 முதல் 1598 வரை நடந்த அந்தப் போருக்கு ஜப்பானியர்களே வைத்த ஒரு பெயர்: பாத்திரப் போர். ரசனைதான் போருக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை; ஹிதெயோஷிக்குச் சீனத்தின் மேல் கண். ஆனால் திரும்பி வந்த பிரபுக்களின் கப்பல்களில் குயவர்கள் இருந்தார்கள், குடும்பம் குடும்பமாக. ரசனை முன்னே போயிருந்தது, கப்பல் பின்னே போயிற்று.

இங்கிருந்து பெயர்களின் கதை விசித்திரமாகிறது. நபேஷிமா பிரபுவின் ஆட்கள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யி ஸாம்-ப்யோங். 1616இல் அரிதா என்ற ஊரில் பீங்கானுக்கான வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது மரபு. அதுவரை ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரியாது. ஐரோப்பிய அரண்மனைகளுக்கெல்லாம் பிற்பாடு போன இமாரிப் பீங்கான் அந்த மலையிலிருந்து வெட்டிய கல்தான். அவருக்குக் கனகயெ ஸான்பெய் என்று ஜப்பானியப் பெயர் கொடுத்தார்கள். 1655இல் இறந்தார். 1917இல், முந்நூறு வருஷம் ஆனதென்று அதே மலைமேல் அவருக்கு நினைவுத்தூண் வைத்தார்கள். அப்போது கொரியா ஜப்பானின் காலனியாகி ஏழு வருஷம்.

அரிதாவில் ஒரு பெண்ணும் இருந்தாள். கணவன் செத்த பிறகு சுமார் 900 பேரை அழைத்துக்கொண்டு அங்கே வந்து சூளை போட்டவள். 1656இல், 96 வயதில் இறந்தாள். அவளுக்கு நிலைத்த பெயர் ஹ்யகுபாஸென். ‘நூறு வயசுப் பாட்டி’ என்பது ஏறக்குறைய அதன் பொருள். அவள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவ்வளவு பேருக்குத் தலைமை தாங்கியவளுக்கு வயசையே பெயராக வைத்துக் கும்பிட்டார்கள்.

தெற்கே ஸட்ஸுமாவில் நேர் எதிர். ஷிமாஸு பிரபு 1598இல் நாம்வொன் நகரத்திலிருந்து கொண்டுவந்த குயவர்களை நயெஷிரொகவா என்ற கிராமத்தில் குடிவைத்தார்கள். இவர்களுக்கு ஜப்பானியப் பெயர் தடை செய்யப்பட்டது. கொரியப் பெயர், கொரிய உடை, கொரிய பாஷை. தலைமுறை தலைமுறையாக இரண்டரை நூற்றாண்டுக்கு அவர்கள் அந்நியர்களாகவே இருக்க வேண்டும் என்பது பிரபுவின் சட்டம். அந்த ஊரின் ஷிம் வம்சம் ஜப்பானிய உச்சரிப்பில் சின் ஜுகன் என்ற பெயரோடு இன்றும் சூளை வைத்திருக்கிறது; இப்போதையவர் 15ஆவது தலைமுறை. 1882இல் அதே ஊரில் பாக் என்ற குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். பிரபுக்கள் ஆட்சி முடிந்து அந்நியப் பெயர் அவமானமாகிவிட்ட காலம். 1886இல் தகப்பன் காசு கொடுத்து ஒரு ஸாமுராய் குடும்பப் பெயரை வாங்கினான். பையன் தோகோ ஷிகெனோரி ஆனான். 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோதும் 1945இல் ஜப்பான் சரணடைந்தபோதும் அந்நாட்டின் வெளியுறவு மந்திரி அவர்தான்.

ஓர் ஊரில் பெயரைப் பறித்தார்கள், இன்னோர் ஊரில் பெயரை விடக் கூடாதென்று கட்டளையிட்டார்கள். இரண்டும் ஒன்றே. பெயர் யாருக்கு இருக்கலாம், எந்தப் பெயர் இருக்கலாம் என்று முடிவு செய்தவன் குயவன் அல்ல.

ஸட்ஸுமாவின் ஆரம்பகாலக் கிண்ணங்களில் ஒரு ரகத்துக்கு ‘ஹிபகாரி’ என்று பெயர். நெருப்பு மட்டும் என்று பொருள். மண் கொரியாவிலிருந்து வந்தது, பூச்சுக்கான சரக்கு அங்கிருந்து வந்தது, செய்த கைகளும் அங்கிருந்து வந்தவை. நெருப்பு மட்டுமே ஜப்பானுடையது. பாத்திரங்களுக்கு இட்ட பெயர்களில் இவ்வளவு நேர்மையான பெயரை நான் கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில் கிஸாயெமோன் கிண்ணத்துக்குத் திரும்பினால், ‘பெயரற்ற கைவினைஞன்’ என்ற தொடரில் ஏதோ இடிக்கிறது. உபவாசம் இருப்பவனும் பட்டினி கிடப்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல்தான் இருப்பார்கள். ஒருவனுடைய விரதத்தின் மகிமையை இன்னொருவன் வயிற்றில் வைத்துப் பேசுவது விமர்சனம் ஆகாது. எலியட் துறந்தது அவரிடம் இருந்ததை. கொரியக் குயவனிடம் துறக்கும்படி என்ன இருந்தது என்று யனாகி கேட்கவே இல்லை. அவன் யோசிக்காமல் செய்தான் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அது கிண்ணத்தைப் பார்த்தவருடைய யோசனை. ஏழையின் சோற்றுக் கிண்ணம் என்பதையே எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. சடங்குகளுக்கென்று பிரத்யேகமாகச் செய்தவையாக இருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அப்படியானால் கவனமில்லாமல் செய்தது என்று நாம் கொண்டாடியது ஒருவேளை பெரும் கவனத்தோடு செய்ததாக இருக்கலாம்.

4

இதோடு யனாகியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவது சுலபம். நம் சூழலில் அப்படித்தான் வழக்கம். ஆனால் அது நியாயமில்லை.

1919 மார்ச்சில் கொரியர்கள் சுதந்திரம் கேட்டுத் தெருவில் இறங்கியபோது ஜப்பானியப் படை சுட்டது. ஜப்பானிய அறிவுஜீவிகளில் பெரும்பாலோர் மௌனம் சாதித்தார்கள். அந்த மே மாதம் யனாகி கொரியர்கள் பக்கம் நின்று தினப்பத்திரிகையில் எழுதினார். 1922இல் காலனிய அரசு தன் தலைமைச் செயலகம் மறைக்கப்படுகிறதென்று ஸியோல் அரண்மனையின் க்வாங்க்வாமுன் வாசலை இடிக்கத் திட்டமிட்டது. ஜப்பானைக் கொரியா ஆண்டு, தோக்கியோ அரண்மனையை இடிக்கப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தன் ஜனங்களைக் கேட்டு அவர் கட்டுரை எழுதினார். வாசல் இடிபடவில்லை, பெயர்த்து வேறிடத்தில் வைக்கப்பட்டது. 1924இல் கொரிய மக்கள் கலைக்கென்று ஒரு மியூசியத்தைத் தோக்கியோவில் அல்ல, ஸியோலிலேயே திறந்தார். பொருள்கள் அவை பிறந்த மண்ணில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கிஸாயெமோனுக்கு வாய்க்காதது அது.

அதே யனாகிதான் கொரியக் கலையின் சாரம் சோகம் என்றும் எழுதினார். கோடுகளின் வளைவிலும் வெள்ளை நிறத்திலும் வரலாறு முழுக்க அடிபட்ட ஜனங்களின் துக்கத்தைக் கண்டார். 1970களில் கொரிய விமர்சகர்கள் இதைக் கடுமையாகத் தாக்கினார்கள்: அழவைத்தவன் வீட்டுப் பிள்ளை வந்து, உன் கண்ணீர் எவ்வளவு அழகு என்கிறான். தாக்குதல் சரி. 1984இல் தென்கொரிய அரசு இறந்துபோன யனாகிக்குக் கலாச்சார விருது கொடுத்தது. அதுவும் சரி. இரண்டும் சரியாக இருக்கும் மனிதர்கள் உண்டு.

யனாகிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழியும் இருந்தது. ஜாடி கொண்டுவந்த நோரிதகாவின் தம்பி அஸகாவா தகுமி, கொரியாவில் காட்டு இலாகா ஊழியர். கொரிய பாஷை கற்றார், கொரிய உடை உடுத்தார், சிறு சம்பளத்தில் பாத்திரங்களைச் சேகரித்தார். பெரிய சித்தாந்தம் எதுவும் எழுதவில்லை. 1929இல் கொரியச் சாப்பாட்டு மேஜைகளைப் பற்றி ஒரு சிறு நூல். பிறகு கொரியப் பாத்திரங்களின் பெயர்களைப் பற்றி ஒன்று: இந்த வடிவத்துக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், இந்த அளவுக்கு என்ன, எதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது அச்சாகி வந்த 1931இல் அவர் உயிரோடு இல்லை. நாற்பது வயது. கொரியக் கிராமத்தார் அவர் பிணத்தைச் சுமந்தார்கள்; ஸியோலுக்கு வெளியே புதைத்தார்கள், கல்லறை இன்றும் இருக்கிறது. யனாகி கிஸாயெமோன் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்த அதே வருஷம். செய்தவர்களின் பெயர்களை மீட்க முடியாது என்று தெரிந்தவர், குறைந்தபட்சம் பொருள்களின் பெயர்களையாவது அவர்கள் வாயிலிருந்து எழுதிவைத்துவிட்டுப் போனார். விமர்சகனுடைய வேலை என்று எனக்கு இன்று தோன்றுவது இதுதான்.

5

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையெழுத்தில்லாத பாத்திரத்தின் புகழ் ஏற ஏற, அதைப் புகழ்ந்தவர்களின் கையெழுத்துக்கு விலை ஏறியது. மாஷிகோ என்ற ஊரில் குடியேறிய ஹமாதா தன் பாத்திரங்களில் பெயர் பொறிப்பதை விட்டார். ஆனால் பாத்திரத்தை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் எழுதிக்கொடுத்தார். பெட்டியில்லாத ஹமாதாவுக்குச் சந்தையில் மதிப்பு குறைவு. 1955இல் அரசு முதன்முதலாக ‘மனிதப் பொக்கிஷங்களை’ அறிவித்தபோது ஹமாதா பெயர் அதில் இருந்தது. கவாய் அந்தக் கௌரவத்தை ஏற்க மறுத்துவிட்டார். பெயர் இருந்து, அதை வேண்டாம் என்றவர் அவர். உபவாசம் என்பது அது.

அதே மாஷிகோவில் மினகவா மாசு என்று ஒரு கிழவி. தோக்கியோ வீடுகளுக்குப் போகும் மலிவான தேநீர்க் கெண்டிகளில் சின்ன வயசிலிருந்து மலையும் நீரும் வரைந்துகொண்டிருந்தவள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில், கூலிக்கு. மிங்கெய்காரர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். பெயரற்றவர்களின் உதாரணமாகக் காட்டப்பட்டே அவள் பெயர் பெற்றாள். 1960இல் இறந்தாள். அவள் தீட்டிய கெண்டிகளை இப்போது கண்ணாடிக்குள் பார்க்கலாம். பக்கத்தில் பெயர்ச்சீட்டு இருக்கிறது.

க்யூஷு மலைகளில் ஓன்தா என்ற சிற்றூர். நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்வது இதைத்தான். ஓடை நீர் நிரம்பிச் சாயும் மர உலக்கைகள் இரவும் பகலும் மண்ணை இடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தரம் மண் பொடியாக வாரக்கணக்காகிறது. ஆகவே எந்தக் குடும்பமும் பேராசைப்பட்டு அதிகம் செய்ய முடியாது, ஓடை எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவுதான். வெளியாட்களை வேலைக்கு வைப்பதில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை தொழிலுக்கு. பாத்திரத்தின் அடியில் ஊர்ப்பெயர் மட்டும், ஆள் பெயர் கிடையாது. இது அறியாமை இல்லை. சில குடும்பங்கள் உட்கார்ந்து பேசி, ஒருவனுக்குப் புகழ் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஆவான் என்று யோசித்து, மிங்கெய் மோகத்தில் வியாபாரிகள் வந்து குவிந்தபோதும் காப்பாற்றிய ஏற்பாடு. சண்டைகள் இல்லாமலில்லை. 1995இல் அரசு கௌரவம் கொடுத்தபோது அது எந்தத் தனிமனிதனுக்கும் போகவில்லை, ஊர்க்குயவர்களின் சங்கத்துக்குப் போயிற்று. யனாகி கனவு கண்ட பெயரின்மை எங்கேயாவது இருக்கிறதென்றால் இங்கே. அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. தாய்ப்பூனை கவ்விப் போனதால் அல்ல, குட்டிகள் கூடிப் பேசி முடிவு செய்ததால்.

6

எங்கள் கௌன்ட்டரில் தினம் ஒருவராவது கைநாட்டு வைக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவனுக்கு அவன் கையெழுத்தே போதும். கைநாட்டு வைப்பவருக்கு மட்டும் பக்கத்தில் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இவர்தான் அவர் என்று. மை ஒற்றிய பெருவிரலில் கோடுகள் சுழல் சுழலாகத் தெரியும். எனக்குக் கிஸாயெமோன் கிண்ணத்தின் விரல்தடம் ஞாபகம் வரும். படத்தில் பார்த்ததுதான்.

அந்தத் தடம் அவன் வைத்த கைநாட்டு. யனாகியின் கட்டுரை சாட்சிக் கையெழுத்து. ரொம்ப அழகான கையெழுத்து, சந்தேகமில்லை. சாட்சி இல்லாவிட்டால் அந்தக் கைநாட்டு செல்லாமலே போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் எந்த வங்கியிலும் சாட்சி போட்டவருக்குக் கணக்கு சொந்தமாகிவிடுவதில்லை.

கவிதைகளைப் பெயரில்லாமல் அச்சிடுவது பற்றி நண்பர்களிடம் நான் இப்போது பேசுவதில்லை. வேண்டியவர்கள் பெயர் போடாமல் எழுதட்டும். மற்றவனுடைய பெயரை எடுக்கும் முன் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.